சாக்பீஸ் பொடியில் தொடங்கிய 'சிப்' கதை: யார் இந்த மிகைல் ஸ்வெட்?

ஒரு துளி ரத்தத்தில் என்னென்ன கலந்திருக்கு என்று கண்டுபிடிக்க இப்போது உள்ளங்கை அளவு சிப் வந்துவிட்டது. உள்ளே தலைமுடி பருமனில் ஒரு தடம், அதில் நுண்துகள்கள். திரவத்தை அழுத்திச் செலுத்தினால் கலவையில் உள்ள பொருட்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அவற்றை எடை போட்டு அடையாளம் சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் ஆரம்பம், வார்சாவில் ஒரு தாவரவியலாளர் கையில் இருந்த கண்ணாடிக் குழாய்!

மிகைல் ஸ்வெட் 1872ல் இத்தாலியின் ஆஸ்தியில் பிறந்தார். அப்பா ரஷ்யர், அம்மா இத்தாலியர். பிறந்த கொஞ்ச நாளிலேயே அம்மா இறந்துவிட்டார். ஜெனீவாவில் டாக்டர் பட்டம் வாங்கி 1896ல் ரஷ்யா போனால், அந்தப் பட்டம் அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து படிப்பு!

இலையின் பச்சை ஒரே நிறமா, பல நிறங்களின் கலவையா? இதுதான் அவரைக் குடைந்த கேள்வி. சாக்பீஸ் பொடி போன்ற கால்சியம் கார்பனேட்டைக் குழாயில் இறுக்கி நிரப்பி, மேலே இலைச் சாற்றை விட்டு, கரைப்பானை ஊற்றினார். பொடியோடு அதிகம் ஒட்டும் நிறமி மேலேயே தங்கியது, ஒட்டாதது வேகமாகக் கீழே இறங்கியது. பச்சையிலும் மஞ்சளிலும் தனித்தனிப் பட்டைகள் தெரிந்தன. 1906ல் இந்த முறைக்கு குரோமட்டோகிராஃபி என்று பெயர் வைத்தார். ரஷ்ய மொழியில் 'ஸ்வெட்' என்றாலே நிறம்தான் என்பது தனி சுவாரஸ்யம்.

ஆனா, வேதியியலாளர்கள் நம்பவில்லை. ஒரு தாவரவியலாளர் நமக்குச் சொல்லித் தருவதா என்கிற எண்ணமும் இருந்திருக்கலாம். குறிப்பாக ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் இந்த முறையை ஏற்கவில்லை. அதே தாவர நிறமி ஆய்வுக்காக 1915ல் நோபல் பரிசு வாங்கியவர் அவர்தான். ஸ்வெட் பெயரும் 1918 நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை.

அதற்குள் முதல் உலகப் போர். ஜெர்மன் படை வார்சாவைப் பிடிக்க, மாஸ்கோ, நிஸ்னி நோவ்கோரோட், டார்ட்டு, வரோனேஷ் என்று ஊர் ஊராக அலைந்தார். 1919ல் வரோனேஷில் இறந்தபோது வயது 47.

முறை கிட்டத்தட்ட மறந்தே போச்சு. 1931ல் ஹைடல்பெர்க்கில் ரிச்சர்ட் கூன் குழு அதைத் தூசி தட்டி எடுத்து, கரோட்டின் வகைகளைப் பிரித்துக் காட்டியது. கூனுக்கு 1938 நோபல் கிடைத்தது. இந்த கூன் யாருடைய மாணவர் தெரியுமா? வில்ஸ்டாட்டரின் மாணவர்!