அசன்பே கதை தந்த அறிஞர் சித்தி லெப்பை

முன்னோர் விட்டுச் சென்ற கடையையும் நிலத்தையும் பைசாக் கணக்குத் தவறாமல் காத்துவரும் நாம், அவர்கள் எழுதி வைத்த நூல்களைக் கரையானுக்கு விட்டுவிட்டோம். அப்படிக் கைநழுவிப் போக இருந்து, பின்னர் மீட்கப்பட்ட நூல்களுள் ஒன்று ‘அசன்பேயுடைய கதை’. அதை இயற்றியவர் இலங்கை கண்டி நகரைச் சேர்ந்த மர்ஹூம் எம்.ஸி. சித்தி லெப்பை அவர்கள்.

அன்னார் 1838-ம் ஆண்டு ஜூன் 11-ம் நாள் பிறந்தார்கள். தகப்பனார் ஆங்கிலச் சட்டம் பயின்ற வழக்கறிஞர். மகனும் அதே தொழிலை மேற்கொண்டு, கண்டியில் பெயரும் வருமானமும் பெற்று விளங்கினார்கள். அரபு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் புலமை இருந்தது. நீதிமன்றத்தோடு நின்றிருந்தால் வசதியாக வாழ்ந்து மறைந்திருப்பார்கள். ஆனால் சமுதாயத்தின் நிலை அவர்களை உறங்க விடவில்லை.

அக்காலத்தில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களை நடத்தியோர் பெரும்பாலும் பாதிரிமார்கள். பிள்ளைகள் மார்க்கத்தை விட்டுவிடுவார்களோ என்று அஞ்சிய முஸ்லிம் பெற்றோர்கள் அவர்களை அங்கே அனுப்பத் தயங்கினர். அச்சம் நியாயமானதே, ஆயினும் அதனால் ஏற்பட்ட நஷ்டம் பெரிது. மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் பள்ளிகள் நமக்கு வேண்டும் என்று சித்தி லெப்பை அவர்கள் வாதாடினார்கள். பெண் மக்களுக்கும் கண்டியில் பள்ளி ஏற்படுத்தினார்கள். அந்த நாளில் அது எளிய காரியமன்று.

1882-ம் ஆண்டு டிசம்பரில் ‘முஸ்லிம் நேசன்’ வாரப் பத்திரிகை பிறந்தது. அது இலங்கையோடு நில்லாமல், சிங்கப்பூர், பினாங்கு துறைமுகங்களில் வாணிபம் செய்த நம்மவர் கைகளுக்கும் வந்து சேர்ந்தது. 1887-ல் சிங்கப்பூரிலேயே மகுதூம் சாகிபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ பத்திரிகையை நடத்தத் தொடங்கினார்கள்.

1883-ம் ஆண்டு ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோல்வியுற்ற அறபி பாஷா நாடு கடத்தப்பட்டுக் கொழும்பு வந்திறங்கினார். சித்தி லெப்பை, அறபி பாஷா, வள்ளல் வாப்பிச்சி மரைக்கார் முதலியோரின் முயற்சியால் 1892-ல் கொழும்பு மருதானையில் உருவான கல்விக்கூடமே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

எகிப்தைப் பற்றிய பேச்சு எங்கும் நிறைந்திருந்த அந்த வேளையில், 1885-ல், ‘அசன்பேயுடைய கதை’ வெளிவந்தது. காஹிறா நகரில் யூசுபு பாஷா என்னும் பெருமகனாருக்குப் பிறந்த குழந்தை திருடப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுபோகப்படுகிறது. அங்கே வளர்ந்த சிறுவன் அசன் கல்கத்தா சென்று கல்வி கற்று, பல இடுக்கண்களைத் தாண்டித் தன் குலத்தையும் நாட்டையும் கண்டடைகிறான். கடத்தல், கடற்பயணம், காதல், வீரம் எல்லாம் உண்டு. அன்றைய வாசகர் விளக்கடியில் அமர்ந்து விரும்பிப் படிக்கத்தக்க கதை அது. அதனூடே, கல்வியும் நேர்மையும் உள்ளவனை எந்த ஊரும் ஏற்றுக்கொள்ளும் என்னும் படிப்பினையும் உண்டு. கப்பலேறிப் பிழைக்க வந்த சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறென்ன?

தமிழின் முதல் நாவலான வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது 1879-ல். அதற்கு ஆறே ஆண்டுகள் பின்னே வந்தது அசன்பே. இருந்தும், இலங்கையின் முதல் தமிழ் நாவல் 1891-ல் வந்த ‘ஊசோன் பாலந்தை கதை’ என்றே சிலர் நெடுங்காலம் எழுதி வந்தனர். அவர்களைக் குறை கூறுவானேன்? நம் நூலை நாமே எடுத்துக் காட்டாதபோது பிறர் எப்படி அறிவார்கள்? எங்கோ சிலர் பத்திரமாக வைத்திருந்த பிரதிகளால்தான், அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை மறுபடியும் அச்சிலேற்றி, அதற்குரிய இடத்தைப் பெற்றுத் தர முடிந்தது.

சித்தி லெப்பை அவர்கள் 1898-ம் ஆண்டு பிப்ரவரி 5-ம் நாள் இறையடி சேர்ந்தார்கள். 1977-ல் இலங்கை அரசு அன்னாரின் உருவம் தாங்கிய தபால் தலையை வெளியிட்டுக் கௌரவித்தது.

சகோதரர்களே! உங்கள் கடை மாடியிலோ, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலோ பாட்டனார் காலத்துப் பெட்டி ஒன்று இருக்கக்கூடும். பழைய காகிதம் என்று எடைக்குப் போடுமுன், ஒருமுறை திறந்து, விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். இன்னும் எத்தனை அசன்பேக்கள் அதனுள் காத்திருக்கிறார்களோ!

எல்லாம் வல்ல அல்லாஹ் அன்னாரின் தொண்டை ஏற்று, மேலான சுவனபதியை அருள்வானாக! ஆமீன்.