சத்தியத்திற்காக ஐந்து முறை நாடிழந்தவர்

அலெக்சந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் 45 ஆண்டுகள் திருச்சபையை மேய்த்தவர். அவற்றுள் ஏறத்தாழ 17 ஆண்டுகள் தம் மந்தையைப் பிரிந்து வாழ்ந்தவர்.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் பிறந்த அவர், சிறுவயதிலேயே திருச்சபை இரத்தம் சிந்திய காலத்தைக் கண்டார். பின்னர் பேராயர் அலெக்சந்தரின் கீழ் உதவிக்குருவானார். அந்நாட்களில் அந்நகரின் மூப்பர்களுள் ஒருவராகிய ஆரியுஸ், கிறிஸ்து நித்தியர் அல்லர், சிருஷ்டிகளுள் முதன்மையானவரே என்று போதித்தார். 325-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா ஆலோசனைச் சங்கம் அப்போதனையைத் தள்ளி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என அறிக்கையிட்டது. அலெக்சந்தரோடு அத்தனாசியுஸும் அங்குச் சென்றிருந்தார்.

அவருக்கு இது வெறும் சொற்போர் அன்று. ஒரு சிருஷ்டி மற்றொரு சிருஷ்டியை மரணத்தினின்று மீட்க இயலாது. மீட்பர் தேவனாயிராவிடில் நமக்கு மீட்பே இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

328-இல் பேராயரானார். ஆரியுஸை மீண்டும் ஐக்கியத்தில் சேர்க்கும்படி பேரரசர் வற்புறுத்தியும் இணங்கவில்லை. அர்சேனியுஸ் என்னும் பேராயரைக் கொன்று, அவரது கையை வெட்டி மந்திரத்திற்குப் பயன்படுத்தினார் என்று அவர்மீது பழி சுமத்தினர். அர்சேனியுஸ் உயிரோடிருப்பது வெளியான பின்னும், 335-இல் தீருவில் கூடிய சங்கம் அவரைப் பதவி நீக்கியது. எகிப்தின் தானியக் கப்பல்களைத் தடுப்பதாக மிரட்டினார் என்ற புதிய குற்றச்சாட்டின் பேரில், தொலைவிலுள்ள திரியர் நகருக்கு நாடுகடத்தப்பட்டார்.

356 பிப்ரவரியில் ஓர் இரவு, ஆராதனை நடந்த ஆலயத்தைப் படைவீரர் சூழ்ந்தனர். மக்கள் வெளியேறும்வரை அவர் இருக்கையைவிட்டு அகல மறுத்தார். இறுதியில் உடனிருந்தோர் அவரைத் தப்புவித்தனர். தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பாலைவனத் துறவியர் அவரை மறைத்துக் காத்தனர். அங்கும் அவரது எழுதுகோல் ஓயவில்லை.

உறுதிமிக்க அவரிடம் கனிவும் இருந்தது. 362-இல் திரும்பியதும், நிசேயாவின் சொல்லைப் பயன்படுத்தத் தயங்கினாலும் அதன் பொருளை விசுவாசித்தவர்களைச் சகோதரராக ஏற்க வழிசெய்தார். 367-இல் எழுதிய நிருபத்தில், இன்று நம் கையிலுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் வரிசைப்படுத்தினார்.

373-இல் அலெக்சந்திரியாவில் நித்திரையடைந்தார். நிசேயாவின் விசுவாசத்தைக் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் உறுதிப்படுத்தியது 381-இல்தான். வெற்றியைக் காணாமலே உண்மையாயிருந்தார் அவர். பலனைக் காணும்முன் சோர்ந்துபோகும் நமக்கு அவரது வாழ்வு ஓர் அறைகூவல். சத்தியத்தில் உறுதியையும் சகோதரரிடம் கனிவையும் ஒருங்கே காத்துக்கொள்வோமா?