கார்ல் வெர்னிக்கே: கடும் மசக்கையின் மறைமுக ஆபத்தை அறிய வழிவகுத்தவர்

ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் கார்ல் வெர்னிக்கேயின் பெயர், பேச்சைப் புரிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதியோடு இணைத்தே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் 1881ஆம் ஆண்டில் அவர் விவரித்த மற்றொரு நோய், கடுமையான மசக்கைக்கு உள்ளாகும் கர்ப்பிணிகள் சிலரின் பார்வையையும் நினைவாற்றலையும், சில வேளைகளில் உயிரையும் இன்றளவும் பறித்து வருகிறது.

அன்றைய பிரஷ்யாவின் மேல் சைலீசியாவில், இன்று போலந்தில் உள்ள டார்னோவிட்ஸ் நகரில் 1848ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி வெர்னிக்கே பிறந்தார். பிரெஸ்லவ் நகரில் மருத்துவம் பயின்ற அவர், தொடக்கத்தில் சில மாதங்கள் கண் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். பின்னர் வியன்னாவில் மைனர்ட் என்ற அறிஞரிடம் மூளையின் அமைப்பைக் கற்றார். 1874இல், தமது 26ஆவது வயதில், பேச்சிழப்பு நோய் குறித்து அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் பெரும் புகழைத் தேடித்தந்தது.

ஆனால் பதவிகள் அவருக்கு எளிதில் வாய்க்கவில்லை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் 1876இல் சேர்ந்த அவர், நிர்வாகத்துடன் ஏற்பட்ட பூசலால் இரண்டே ஆண்டுகளில் வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர் தனியாக மருத்துவம் பார்த்துக்கொண்டே, மூளை நோய்கள் பற்றிய மூன்று தொகுதிகள் கொண்ட பாடநூலை எழுதினார்.

அந்நூலில்தான் மூன்று நோயாளிகளின் நிலையை அவர் பதிவு செய்தார். மூவருக்கும் கண்விழிகளை அசைக்கும் தசைகள் செயலிழந்தன. நடை தள்ளாடியது. மனம் குழம்பியது. மூவருமே உயிரிழந்தனர். பிரேதப் பரிசோதனையில் மூளையின் நடுப்பகுதியில் நுண்ணிய இரத்தக் கசிவுகள் காணப்பட்டன. இது ஒருவகை அழற்சி என்று அவர் கருதினார்.

அவர்களில் இருவர் மதுவுக்கு அடிமையான ஆண்கள். மூன்றாமவர் 20 வயதான தையல் தொழிலாளிப் பெண். தற்கொலை முயற்சியாகக் கந்தக அமிலம் அருந்தி உயிர் பிழைத்த அவருக்கு, இரைப்பை பாதிக்கப்பட்டதால் ஓயாத வாந்தி ஏற்பட்டிருந்தது. மது அல்ல, உணவு உடலில் தங்காததே நோய்க்கு மூலம் என்பதற்கான தடயம் அப்பெண்ணிடமே இருந்தது. எனினும் நெடுங்காலம் இது குடிகாரர்களின் நோயாகவே பார்க்கப்பட்டது.

தயமின் எனப்படும் வைட்டமின் பி1, 1926இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை 1936இல் செயற்கையாகத் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் பிறந்த அமெரிக்கர். இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த போர்க்கைதிகளிடையே இந்நோய் 52 பேருக்குக் கண்டறியப்பட்டது. தீட்டிய அரிசியே அவர்களது முக்கிய உணவு. டி வார்டனர், லெனாக்ஸ் ஆகிய மருத்துவர்கள் 1947இல் வெளியிட்ட இந்த விவரங்கள், தயமின் குறைபாடே காரணம் என்பதை வலுவாக உணர்த்தின.

உடலில் தயமின் சேமிப்பு சுமார் 30 மில்லிகிராம் மட்டுமே. உணவின்றி இரண்டு, மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். கர்ப்ப காலத்தில் தேவையும் கூடுகிறது. ஆகவே வாரக்கணக்கில் வாந்தி நீடிக்கும் கடும் மசக்கையில் ஆபத்து விரைவாக நெருங்குகிறது. பொருட்கள் இரட்டையாகத் தெரிதல், விழிகள் தாமாகத் துடித்தல், பார்வை மங்கல், தள்ளாட்டம், மறதி ஆகியன எச்சரிக்கை அறிகுறிகள். சிலருக்கு விழித்திரையில் இரத்தக் கசிவும், பார்வை நரம்பின் முனையில் வீக்கமும் ஏற்படலாம். எல்லோரிடமும் எல்லா அறிகுறிகளும் ஒருங்கே தென்படுவதில்லை.

சிகிச்சை எளிது, விலையும் குறைவு. தயமினை உடனடியாக நரம்பு வழியே செலுத்தினால் விழி அசைவு பெரும்பாலும் சில நாட்களுக்குள் சீரடையத் தொடங்கும். தாமதித்தால் நினைவிழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும். சோர்ந்து வரும் கர்ப்பிணிக்கு தயமின் தராமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நோயைத் தூண்டிவிடலாம் என்பதால், தயமினை முதலில் தருமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

எனினும், மசக்கை என்றால் வாந்தி இருக்கத்தான் செய்யும் என்ற எண்ணம் குடும்பங்களிலும், இது மதுப்பழக்கத்தின் நோய் என்ற எண்ணம் மருத்துவமனைகளிலும் நீடிப்பதால், அரிய மணித்தியாலங்கள் வீணாகின்றன.

1885இல் பிரெஸ்லவ் திரும்பிப் பேராசிரியரான வெர்னிக்கே, 1904இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மறு ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, துரிங்கியக் காட்டுப் பகுதியில் நேர்ந்த மிதிவண்டி விபத்தில் ஏற்பட்ட காயங்களால், 57ஆவது வயதில் காலமானார். வைட்டமின் என்ற சொல் உருவானதோ 1912இல்தான். தாம் கண்ட நோயின் காரணத்தை அறியாமலேயே அவர் மறைந்தார். காரணமும் மருந்தும் தெரிந்துவிட்ட இக்காலத்தில், கர்ப்பிணியின் கண்களைக் கவனிப்பதும், எத்தனை நாட்களாக உணவு தங்கவில்லை என்று கேட்பதுமே எஞ்சியுள்ள பணி.