ஏ, பி டிரைவ் எங்கே போச்சு? ஃபைல் காப்பி கட்டளையும் கேரி கில்டாலின் கதையும்

ஒரு ஃபைலை காப்பி செய்ய இன்று கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி போதும். ஆனால், ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்தால் டிரைவ்கள் ‘சி’யில்தான் தொடங்குகின்றன. கவனித்திருக்கிறீர்களா? அப்போ ஏ-வும் பி-யும் எங்கே போச்சு?

இதற்கான பதில் 50 ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் கலிஃபோர்னியா கடலோரத்தில் உள்ள பசிபிக் குரோவ் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. அங்கே தன் வீட்டின் பின்புற ஷெட்டில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர் கேரி கில்டால்.

கணக்கு வாத்தியார் ஆக நினைத்தவர்

1942 மே 19 அன்று சியாட்டில் நகரில் பிறந்தார் கில்டால். மாலுமிகளுக்குக் கடல்வழி கணிக்கச் சொல்லித்தரும் பள்ளியை நடத்துவதுதான் குடும்பத் தொழில். கேரியும் அங்கே பாடம் எடுத்திருக்கிறார். கணக்கு ஆசிரியர் ஆகும் எண்ணத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை, கம்ப்யூட்டர் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பிறகு மான்டரேயில் உள்ள கடற்படை முதுகலைக் கல்லூரியில் ஆசிரியரானார். 1972-ல் பிஎச்.டி. முடித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சிப்பை வெளியிட்டிருந்தது. கில்டால் அதை வாங்கி புரோகிராம் எழுதிப் பார்த்தார். விரைவில் இன்டெலுக்கே ஆலோசகராகி, மைக்ரோபிராசஸருக்கான பிஎல்/எம் என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கிக் கொடுத்தார்.

பிளாப்பி வந்தது, காப்பியும் வந்தது

அன்றைய சின்ன கம்ப்யூட்டர்களில் புரோகிராமைத் துளையிட்ட காகித நாடாவில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் அந்த நாடாவை ஓடவிட்டுப் படிக்க வைக்க வேண்டும். அப்போது கில்டாலின் கைக்கு ஒரு 8 அங்குல பிளாப்பி டிரைவ் வந்தது. நண்பர் ஜான் டொரோட் அதற்கான கன்ட்ரோலரை உருவாக்கினார். ஆனால் டிரைவ் மட்டும் இருந்தால் போதுமா? டிஸ்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, காலி இடம் எது என்று கணக்கு வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். 1974-ல் அதை எழுதினார். பெயர், சிபி/எம்.

அதைப் பயன்படுத்துபவருக்குத் திரையில் தெரிந்தது ‘ஏ>’ என்ற சின்னக் குறி. முதல் டிரைவ் ஏ, இரண்டாவது பி. ஒன்றில் இருக்கும் ஃபைலை இன்னொன்றுக்கு காப்பி செய்ய, பிஐபி என்று ஒரு புரோகிராம். கருவிக்குக் கருவி தகவலை மாற்றித் தருவது என்று அதற்குப் பொருள். டெக் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் ஏற்கெனவே இருந்த பெயர்தான் இது.

கட்டளை இப்படி இருக்கும்: பிஐபி பி:=ஏ:லெட்டர்.டிஎக்ஸ்டி. போய்ச் சேரும் இடம் முதலில், புறப்படும் இடம் பிறகு. ஏ டிரைவில் இருக்கும் கடிதம் பி டிரைவுக்குப் போகும். பி-யில் அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால் அது போயே போச்சு. வரிசையை மாற்றி டைப் செய்தால் பல நாள் உழைப்பு காலி! அதே கட்டளையில் பி:-க்குப் பதிலாக பிரின்டரின் பெயரைக் கொடுத்தால், ஃபைல் காகிதத்தில் அச்சாகி வரும். பல ஃபைல்களை ஒட்டி ஒன்றாக்கவும் முடியும். காப்பி சரியாக விழுந்ததா என்று சோதிக்கவும் தனி வழி இருந்தது.

எல்லா மெஷினுக்கும் ஒரே கட்டளை

இன்டெலுக்கு சிபி/எம் தேவைப்படவில்லை. எனவே கில்டாலும் மனைவி டோரத்தி மெக்யூவனும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தாங்களே விற்றார்கள். இங்கே ஒரு சிக்கல். ஒவ்வொரு கம்பெனி மெஷினிலும் டிரைவ் ஒவ்வொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் முழு மென்பொருளையும் மாற்றி எழுத முடியுமா?

கில்டால் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஹார்டுவேரோடு நேரடியாகப் பேசும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்கு பயாஸ் என்று பெயர் வைத்தார். புது மெஷின் வந்தால் அந்தச் சின்னப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். மீதி எல்லாம் அப்படியே ஓடும். எந்த கம்பெனி கம்ப்யூட்டர் என்றாலும் காப்பி செய்ய அதே பிஐபிதான். 1970-களின் இறுதியில் சிறிய கம்ப்யூட்டர் உலகின் பொது மேடையாகவே சிபி/எம் ஆகிவிட்டது.

ஐபிஎம் கதவைத் தட்டியபோது...

1980-ல் பர்சனல் கம்ப்யூட்டர் தயாரிக்கத் திட்டமிட்ட ஐபிஎம், முதலில் மைக்ரோசாஃப்ட்டைத்தான் அணுகியது. ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமென்றால் கில்டாலைப் பாருங்கள் என்று பில் கேட்ஸே அனுப்பிவைத்தார். ஐபிஎம் ஆட்கள் வந்த அன்று கில்டால் தன் விமானத்தை ஓட்டிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தார். பேச்சைத் தொடங்கியவர் டோரத்தி. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் இழுபறி. பிற்பகலில் கில்டால் வந்து பேசியதாக அவர் தரப்பு சொல்கிறது, ஐபிஎம் தரப்பில் வேறு விதமாகச் சொல்கிறார்கள். எப்படியோ, டீல் முடியவில்லை. விமானத்தில் ஜாலியாகச் சுற்றி வாய்ப்பை விட்டவர் என்ற பெயர் மட்டும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

சியாட்டிலில் ஒரு சிறிய கம்பெனியில் டிம் பேட்டர்சன் என்ற இளைஞர், இன்டெலின் புதிய 8086 சிப்புக்கு ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதியிருந்தார். சிபி/எம் புரோகிராம்களை எளிதில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, சிபி/எம் கையேட்டைப் பார்த்து அதே மாதிரியான அழைப்புகளை வைத்திருந்தார். அதை மைக்ரோசாஃப்ட் மொத்தம் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தது.

அப்போ, இது காப்பியா?

‘ஏ>’ குறி, டிரைவ் எழுத்துகள், 8 எழுத்துப் பெயருக்குப் பின் 3 எழுத்து ஒட்டு என்று டாஸில் பார்த்த இடமெல்லாம் சிபி/எம் சாயல். மாறியவற்றில் ஒன்று, காப்பி செய்யும் கட்டளை! பிஐபி போய் ‘காப்பி’ வந்தது. வரிசையும் தலைகீழானது. புறப்படும் இடம் முதலில், சேரும் இடம் பிறகு. டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறையும் சிபி/எம்மில் இருந்ததைவிட வேறாக இருந்தது.

தன் உழைப்பு எடுத்துக்கொள்ளப்பட்டதாகவே கில்டால் கருதினார். கோடை எடுக்கவில்லை என்பது பேட்டர்சனின் நிலை. 2012-ல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வும், கோட் நகலெடுக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றது. ஆனால் கில்டாலின் வேதனை கோடைப் பற்றியது மட்டுமல்ல, அந்த வடிவத்தைப் பற்றியது. ஒரு மென்பொருளின் வெளித்தோற்றமும் அழைப்பு முறையும் யாருக்குச் சொந்தம் என்பதில் அன்றைய சட்டம் தெளிவாக இல்லை. அதனால் வழக்குப் போடாமல் சமரசத்துக்குப் போனார். தன் பிசியில் சிபி/எம்-ஐயும் விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. ஆனால் விலை? டாஸ் 40 டாலர், சிபி/எம் 240 டாலர். வாடிக்கையாளர் எதை எடுப்பார் என்று சொல்லவா வேண்டும்?

கடைசி ஆண்டுகள்

கில்டால் அதோடு நின்றுவிடவில்லை. ‘கம்ப்யூட்டர் க்ரானிக்கிள்ஸ்’ டிவி நிகழ்ச்சியை இணைந்து தொகுத்து வழங்கினார். 1985-ல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடி-ரோமில் கொண்டுவந்தது அவரது இன்னொரு நிறுவனம். 1991-ல் டிஜிட்டல் ரிசர்ச் நோவெல் நிறுவனத்துக்குக் கைமாறியது. பணத்துக்குக் குறைவில்லை.

மனக்குறை வேறு இடத்தில் இருந்தது. 1992-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் துறை வெள்ளிவிழா கொண்டாடியது. அங்கேயே பிஎச்.டி. வாங்கிய கில்டாலுக்குப் பார்வையாளராக அழைப்பு. சிறப்புரை பில் கேட்ஸுக்கு. அந்தக் காயத்தில் தன் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதி, நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். மான்டரேயில் தலையில் பட்ட அடியால் 1994 ஜூலை 11 அன்று 52 வயதில் இறந்தார். அவரது குறிப்புகளின் ஒரு பகுதியைப் பொதுமக்கள் படிக்க முடிந்தது 2016-ல்தான்.

ஏ, பி என்ன ஆச்சு?

அந்த இரண்டும் பிளாப்பிக்கு ஒதுக்கிய எழுத்துகள். பிறகு வந்த ஹார்டு டிஸ்க் ‘சி’ ஆனது. பிளாப்பி ஒழிந்த பிறகும் அந்த இடங்களை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தால் இன்றும் ‘சி:’ என்று தொடங்கி ‘>’ என்று முடியும் குறி காத்திருக்கும். அதில் ‘காப்பி’ கட்டளையும் வேலை செய்யும். கட்டளை டாஸ் கொடுத்தது. அதற்கு முன்னால் நிற்கும் எழுத்தும் குறியும், பசிபிக் குரோவ் ஷெட்டில் எழுதப்பட்ட சிபி/எம் வழியாக வந்தவை.