யார் இந்த ஜேன் ஆடம்ஸ்? லண்டனில் பார்த்த ஒரு வீடு சிகாகோவை மாற்றிய கதை

டிகிரி முடிச்சதும் சில மாதங்கள் வெளிநாடு போய், அங்குள்ள ஒரு சமூக மையத்தில் தன்னார்வலராக வேலை பார்க்க வேண்டும் என்பது இன்று பல இளைஞர்களின் ஆசை. கூடவே ஒரு கேள்வியும் வரும். இதனால் உண்மையில் யாருக்கு லாபம்? அந்த ஊர் மக்களுக்கா, போய் வருபவருக்கா?

130 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர் ஜேன் ஆடம்ஸ். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்.

படிப்பு இருந்தது, வேலை இல்லை

1860-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா வசதியான ஆலை உரிமையாளர், மாநில செனட்டர். இரண்டு வயதிலேயே அம்மாவை இழந்தார். 1881-ல் கல்லூரிப் படிப்பு முடிந்தது, அதே ஆண்டு அப்பாவும் இறந்துவிட்டார். டாக்டர் ஆகலாம் என்று ஃபிலடெல்பியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகெலும்புப் பிரச்னையால் அதுவும் பாதியில் நின்றுபோனது.

கையில் பணம் இருக்கு, படிப்பு இருக்கு, ஆனா என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கால வசதியான குடும்பப் பெண்களைப் போல அவரும் ஐரோப்பாவுக்குச் சுற்றுலா கிளம்பினார்.

கிழக்கு லண்டனில் என்ன நடந்தது?

1883-ல் ஒரு சனிக்கிழமை இரவு. கிழக்கு லண்டனின் ஏழ்மையைக் காட்டுவதற்காகச் சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துப் போனார்கள். விற்காமல் அழுகத் தொடங்கிய காய்கறிகளை வியாபாரிகள் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதை வாங்க நீண்ட வெறும் கைகளை வண்டியின் மேல் உட்கார்ந்தபடி பார்த்தார் ஜேன். அந்தக் கைகள் பல ஆண்டுகள் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. ஆனாலும் அவர் எதுவும் செய்யவில்லை. இன்னும் படிக்கணும், இன்னும் தயாராகணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது சாக்குதான் என்று புரிய ஐந்து ஆண்டுகள் ஆனது.

1888-ல் மறுபடி லண்டன். இந்த முறை ஒயிட்சேப்பலில் இருந்த டாயின்பீ ஹாலைத் தேடிப் போனார். சாமுவேல் பார்னெட் என்ற பாதிரியாரும் அவர் மனைவி ஹென்ரியேட்டாவும் 1884-ல் தொடங்கிய இடம் அது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து தங்கி, பாடம் சொல்லிக்கொடுத்து, அவர்களோடு பழக வேண்டும். காசு கொடுத்துவிட்டுக் கிளம்புவது அல்ல, பக்கத்து வீட்டுக்காரராக இருப்பதுதான் ஐடியா.

ஹல் ஹவுஸ் எப்படி வந்தது?

1889 செப்டம்பர் 18. தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய வீட்டில் குடியேறினார் ஜேன். அப்போது வயது 29. வீட்டைக் கட்டியவரின் பெயரால் அதற்கு ஹல் ஹவுஸ் என்று பெயர். சுற்றிலும் இத்தாலி, ஜெர்மனி, ரஷ்யா, போலந்து என்று பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

முதல் கிறிஸ்துமஸுக்குக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். சில சிறுமிகள் வேண்டாம் என்றுவிட்டார்கள். விசாரித்தால், அவர்கள் மிட்டாய் ஃபேக்டரியில் வேலை செய்பவர்கள். ஆறு வாரங்களாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை. மிட்டாயைப் பார்த்தாலே வெறுத்துப்போயிருந்தது. தூரத்திலிருந்து பரிசு அனுப்பியிருந்தால் இந்த விஷயம் தெரிந்திருக்கவே தெரியாது.

தப்பே நடக்கவில்லையா?

நடந்தது. 1893 குளிர்காலத்தில் சிகாகோவில் கடும் வேலையின்மை. உதவி கேட்டு வந்த ஒரு குமாஸ்தாவிடம், கால்வாய் தோண்டும் வேலை இருக்கிறது, அதற்குப் போங்கள் என்றார் ஜேன். வேலை கிடைக்கும்போது நிவாரணம் கிடையாது என்பது விதி. எப்போதும் அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவன், இந்தக் குளிர் தாங்காது என்று அவர் சொல்லியும் ஜேன் விதியை விடவில்லை. அந்த மனிதர் இரண்டு நாள் தோண்டினார். நிமோனியா வந்து ஒரு வாரத்தில் இறந்துபோனார். இரண்டு சின்னக் குழந்தைகள்.

இதை ஜேன் மறைக்கவில்லை. தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஒருவரின் வாழ்க்கை முழுசாகத் தெரியாமல், விதியை வைத்து மட்டும் உதவி செய்ய முடியாது என்பதுதான் அதில் அவர் கற்ற பாடம்.

குப்பை முதல் சட்டம் வரை

ஹல் ஹவுஸில் மழலையர் பள்ளி, கலைக்கூடம், மாலை வகுப்புகள் என ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் தெருவில் மலைபோலக் குப்பை. மாநகராட்சியின் குப்பை ஒப்பந்தத்துக்கு ஜேனே விண்ணப்பித்தார். அது நிராகரிக்கப்பட்டது. ஆனால் 1895-ல் அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக அவரையே மேயர் நியமித்தார். காலை 6 மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார்.

ஹல் ஹவுஸில் வந்து தங்கிய ஃப்ளோரன்ஸ் கெல்லி, தொழிற்கூடங்களின் நிலையை நேரில் ஆய்வு செய்தார். இப்படியான முயற்சிகளால் 1893-ல் இல்லினாய் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் தொழிற்சாலை வேலையில் வைக்கத் தடை வந்தது. ஆனால் பெண்களுக்கு 8 மணி நேர வேலை என்ற பிரிவை இரண்டே ஆண்டுகளில் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

முதல் உலகப் போரை எதிர்த்தபோது, கொண்டாடிய பத்திரிகைகளே அவரைத் திட்டின. அவர் பின்வாங்கவில்லை. 1931-ல் நோபல் பரிசு, 1935-ல் மரணம்.

சரி, யாருக்கு லாபம்?

ஜேனின் பதில் நேர்மையானது. படித்த இளைஞர்களுக்கு அர்த்தமுள்ள வேலை வேண்டும், ஹல் ஹவுஸ் போன்ற இடங்கள் அவர்களுக்கும்தான் தேவை என்று 1892-லேயே வெளிப்படையாகச் சொன்னார். அதில் தப்பில்லை. லண்டனில் அவர் பார்த்தது ஒரு வீட்டைத்தான். ஊர் திரும்பிய பிறகு, தன் சொந்த மாநிலத்தில் 45 ஆண்டுகளுக்கும் மேல் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தார். போய் வந்த பயணத்தைவிட, வந்த பிறகு அவர் தங்கியதுதான் கணக்கில் நின்றது.