75 வயதுக்கு மேல் பிரஷ் பிடித்து உலகைக் கவர்ந்த மோசஸ் பாட்டி
வீட்டு வேலைக்காரியாக வாழ்க்கையை தொடங்கியவர்

அமெரிக்காவில் 12 வயதில் வீட்டு வேலைக்கு போன ஒரு பெண், 75 வயதை தாண்டிய பிறகு ஓவியம் வரைய உட்கார்ந்தார். முதலில் அவர் படங்கள் 3 டாலருக்கும் 5 டாலருக்கும் போயின. 101 வயதில் அவர் இறந்தபோது நாட்டின் ஜனாதிபதியே இரங்கல் தெரிவித்தார்.

அவர் பெயர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். அந்த பெயரை சொன்னால் யாருக்கும் தெரியாது. மோசஸ் பாட்டி என்றால் அமெரிக்காவில் தெரியாத ஆளே கிடையாது.

10 பிள்ளைகளில் ஒருத்தி

நியூயார்க் என்றதும் வானத்தை தொடும் கட்டிடங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே மலையும் வயலும் மாட்டுப்பண்ணையுமாக வேறு ஒரு உலகம் இருக்கிறது. அங்கே கிரீன்விச் என்ற ஊரில் 1860-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அன்னா மேரி பிறந்தார். அப்பா விவசாயி. வீட்டில் மொத்தம் 10 பிள்ளைகள்.

படிப்பு என்று பார்த்தால் ஒரே அறை கொண்ட கிராமத்து பள்ளிக்கூடம்தான். அதுவும் கொஞ்ச காலம்தான்.

அப்பாவுக்கு மட்டும் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் படம் போடட்டும் என்று வெள்ளை காகிதம் வாங்கி வருவார். ஒரு தாள் ஒரு காசு. மிட்டாய் வாங்கி கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும், காகிதம் என்றால் நாள் முழுக்க ஓடும் என்பது அவர் கணக்கு.

கலர் வாங்க காசு ஏது? எலுமிச்சை சாறு, திராட்சை சாறு என்று கையில் கிடைத்ததை வைத்து சிறுமி அன்னா மேரி படங்களுக்கு வண்ணம் பூசினாள். அதோடு சரி. விளையாட்டு காலம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

12 வயதில் வேலைக்காரி

12 வயதில் பக்கத்து பண்ணை வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். சமையல், துணி துவைப்பது, வீடு கூட்டுவது, வயதானவர்களை கவனிப்பது என்று எல்லா வேலையும் செய்தார். ஒரு வீடு மாறி இன்னொரு வீடு என்று 15 வருடம் இப்படியே ஓடியது.

வேலை பார்த்த ஒரு வீட்டில் சுவரில் அச்சுப்படங்கள் மாட்டியிருந்தார்கள். பெண் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை கவனித்த வீட்டுக்காரர்கள், சாக்பீசும் மெழுகு கலரும் வாங்கி கொடுத்தார்கள். அதை வைத்து விளையாட நேரம்தான் கிடைக்கவில்லை.

அதே போல பண்ணையில் கூலி வேலை பார்த்தவர் தாமஸ் மோசஸ். இருவருக்கும் பிடித்துப்போனது. 1887-ல் திருமணம் நடந்தது. மணப்பெண்ணுக்கு வயது 27. வேலை தேடி தெற்கே ரெயில் ஏறிய தம்பதி, வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்ற ஊர் பக்கம் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டார்கள்.

5 பிள்ளைகளை புதைத்த தாய்

புருஷன் சம்பாத்தியத்தை மட்டும் நம்பி அன்னா மேரி உட்காரவில்லை. சேர்த்து வைத்திருந்த காசில் பசு வாங்கி வெண்ணெய் எடுத்து விற்றார். உருளைக்கிழங்கு சிப்ஸ் பொரித்து விற்றார். இரண்டு பேர் உழைப்பில்தான் குடும்பம் ஓடியது.

10 பிள்ளைகள் பெற்றார். அதில் 5 பிள்ளைகள் கைக்குழந்தையிலேயே இறந்துபோயின. 1905-ல் குடும்பம் மறுபடியும் நியூயார்க் மாநிலத்துக்கு திரும்பி, ஈகிள் பிரிட்ஜ் என்ற கிராமத்தில் பண்ணை வாங்கியது. மிச்சம் இருந்த 5 பிள்ளைகளை கூட்டிக்கொண்டு, 5 சின்ன கல்லறைகளை வர்ஜீனியா மண்ணில் விட்டுவிட்டு அந்த தாய் ஊர் திரும்பினார்.

அதற்கு அப்புறமும் 20 வருடத்துக்கு மேல் அதே மாடு, அதே வயல், அதே அடுப்படி. 1918-ல் மட்டும் ஒரு சின்ன சம்பவம். வரவேற்பறையில் சுவருக்கு வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். கணப்பு அடுப்பை மறைக்கும் பலகைக்கு வரும்போது காகிதம் தீர்ந்துவிட்டது. வெற்றுப்பலகையாக விட மனசு வரவில்லை. வீட்டில் இருந்த பெயிண்டை எடுத்து அதில் ஒரு இயற்கை காட்சியை வரைந்துவிட்டார். அப்போது வயது 58 இருக்கும். அதற்கு பிறகு மறுபடி வேலை, வேலைதான்.

ஊசி பிடிக்க முடியாத கை

1927-ல் கணவர் மாரடைப்பில் இறந்தார். அன்னா மேரிக்கு 66 வயது. பண்ணையை மகன் பார்த்துக்கொண்டார். சில வருடத்தில் மகள் ஒருத்திக்கு காசநோய். அவளை கவனிக்க பென்னிங்டன் என்ற ஊருக்கு போனார்.

அந்த மகள்தான் அம்மாவிடம் கம்பளி நூலால் துணியில் படம் போட்டு தர சொன்னாள். அம்மாவும் எம்பிராய்டரி படங்கள் போட்டார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் மகள் பிழைக்கவில்லை.

வயது 70-ஐ தாண்டியது. கையில் மூட்டுவாதம் வந்தது. ஊசியை பிடித்தால் விரல் வலி உயிர் போனது. 12 வயது முதல் ஒரு நாளும் சும்மா இருக்காத கை அது. இனி என்ன செய்வது என்ற நிலைமை.

ஊசி பிடிக்க முடியாவிட்டால் பிரஷ் பிடித்து பாரேன் என்று தங்கை செலஸ்டியா யோசனை சொன்னார். ஊசி மெல்லிசு, பிரஷ் கட்டை கொஞ்சம் தடிமன். பிடிக்க சுலபமாக இருந்தது. வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றிக்கொள்வார். பெயர் எடுக்க வேண்டும், பணம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எதுவும் கிடையாது. சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான்.

ஜாமுக்கு பரிசு, படத்துக்கு இல்லை

ஊர் பொருட்காட்சிக்கு வழக்கம்போல தான் செய்த பழ ஜாமையும், பதப்படுத்திய பழங்களையும் கொண்டுபோனார். கூடவே சில படங்களையும் வைத்தார். ஜாமுக்கு பரிசு கிடைத்தது. படங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஹூசிக் பால்ஸ் என்ற பக்கத்து ஊர் மருந்துக்கடை ஜன்னலிலும் சில படங்கள் வைக்கப்பட்டன. அங்கேயும் தூசிதான் படிந்தது.

1938-ல் லூயிஸ் கால்டர் என்பவர் அந்த வழியாக வந்தார். நியூயார்க் நகரத்து என்ஜினீயர். ஓவியம் வாங்கி சேர்ப்பது அவர் பொழுதுபோக்கு. கடை ஜன்னலில் இருந்த படங்களை பார்த்தவர், அத்தனையையும் வாங்கிவிட்டார். வரைந்தது யார் என்று விசாரித்துக்கொண்டு நேரே பண்ணை வீட்டுக்கும் போய்விட்டார்.

பாட்டி அப்போது வீட்டில் இல்லை. 10 படம் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்று மருமகள் சொல்லி அனுப்பிவிட்டார். ராத்திரி வீட்டுக்கு வந்து தேடி பார்த்தால் 9 படம்தான் இருந்தது! பாட்டி அசரவில்லை. பெரிய படம் ஒன்றை இரண்டாக அறுத்து இரண்டு சட்டத்தில் போட்டு கணக்கை 10 ஆக்கிவிட்டார்.

வயதை கேட்டதும் பின்வாங்கினார்கள்

கால்டர் அந்த படங்களை தூக்கிக்கொண்டு நியூயார்க் நகரத்தில் ஒவ்வொரு ஓவிய கூடமாக ஏறி இறங்கினார். படத்தை பார்த்து தலையாட்டியவர்கள் கூட, வரைந்தவருக்கு வயது 78 என்றதும் பின்வாங்கினார்கள். இன்னும் எத்தனை நாள் இருப்பார், இவரை நம்பி எப்படி பணம் போடுவது என்பது வியாபாரிகள் கணக்கு. அந்த பாட்டி இன்னும் 20 வருடத்துக்கு மேல் வரைய போகிறார் என்று அப்போது யாருக்கு தெரியும்?

1939-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில், பெயர் தெரியாத ஓவியர்களுக்கான கண்காட்சியில் பாட்டியின் 3 படங்கள் இடம்பெற்றன. அடுத்து ஓட்டோ கல்லிர் என்பவர் கண்ணில் பட்டது. நாஜிகளுக்கு தப்பி வியன்னாவில் இருந்து ஓடிவந்து நியூயார்க்கில் ஓவிய கூடம் நடத்தியவர் அவர். 1940 அக்டோபரில் பாட்டியின் முதல் தனி கண்காட்சியை அவர் நடத்தினார். பாட்டிக்கு வயது 80.

திறப்பு விழாவுக்கு பாட்டி போகவே இல்லை. எல்லாம் தான் ஏற்கனவே பார்த்த படங்கள்தானே என்று இருந்துவிட்டார்.

அடுத்த மாதம் கிம்பெல்ஸ் என்ற பெரிய ஜவுளி, பலசரக்கு கடை அந்த படங்களை வைத்து விழா நடத்தியது. அதற்கு மட்டும் பாட்டி வந்தார். கருப்பு கவுன், தலையில் சின்ன தொப்பி. கையோடு வீட்டில் சுட்ட ரொட்டியும் ஜாமும் எடுத்து வந்திருந்தார். மேடையில் ஓவியத்தை பற்றி பேசாமல் ஜாம் போடும் பக்குவத்தை சொல்லி கொடுத்தார். கூட்டம் சொக்கிப்போனது. பத்திரிகைகள் மோசஸ் பாட்டி என்றே எழுத, அந்த பெயர் நிலைத்துவிட்டது.

வானத்தில் தொடங்கி கீழே வருவார்

பாட்டி படம் வரைவதே தனி ரகம். ஹார்டுபோர்டு பலகையை எடுத்து வெள்ளை பெயிண்ட் மூன்று கோட் அடிப்பார். அப்புறம் மேலே இருந்து ஆரம்பிப்பார். முதலில் வானம், பிறகு மலை, அடுத்து மரம், வீடு, கடைசியில் மாடும் மனிதர்களும். மூன்று நான்கு பலகைகளை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் வானத்தை ஒரே மூச்சில் அடித்துவிடுவதும் உண்டு. பெயிண்ட் மிச்சமாகும் இல்லையா!

பத்திரிகைகளில் வரும் படங்களை கத்தரித்து பெட்டியில் சேர்த்து வைப்பார். குதிரைக்கும் மனிதனுக்கும் அதை வைத்து அளவு எடுப்பார். பனி பளபளக்க வேண்டும் என்று வெள்ளை பெயிண்ட் மேல் ஜிகினா தூவுவார். ஓவியம் படித்தவர்கள் இது கூடாது என்றார்கள். பனி வெயிலில் எப்படி மின்னும் என்று கண்ணால் பார்த்தவர் பாட்டி. கேட்கவில்லை.

படங்களில் என்ன இருக்கும்? தான் செய்த வேலைதான். நம்ம ஊரில் பதனீர் காய்ச்சி கருப்பட்டி எடுப்பது போல, அங்கே மேப்பிள் மரத்தில் வடியும் நீரை காய்ச்சி சர்க்கரை எடுப்பார்கள். அதை திரும்ப திரும்ப வரைந்தார். சோப்பு காய்ச்சுவது, மெழுகுவர்த்தி ஊற்றுவது, வைக்கோல் ஏற்றுவது, விருந்துக்கு வான்கோழியை துரத்தி பிடிப்பது என்று எல்லாம் உண்டு. வேலைக்காரியாக, கூலிக்காரர் மனைவியாக 60 வருடம் பாடுபட்டது அத்தனையும் படமாக வந்தது. இறந்த பிள்ளைகளின் துக்கம் மட்டும் அந்த படங்களில் இல்லை. அவற்றில் குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.

இது குழந்தை கிறுக்கல் மாதிரி இருக்கிறது என்று சில விமர்சகர்கள் மூக்கை சுளித்தார்கள். ஜனங்களுக்கோ ரொம்ப பிடித்துப்போனது. 1947-ல் ஹால்மார்க் நிறுவனம் பாட்டியின் படங்களை வாழ்த்து அட்டையாக போட்டது. ஓவிய கூடம் பக்கமே போகாத வீடுகளுக்கும் பாட்டியின் படம் போய் சேர்ந்தது.

பியானோ வாசித்த ஜனாதிபதி

1949-ல் வாஷிங்டனில் ஜனாதிபதி ட்ரூமன் கையால் விருது வாங்கினார். மறுநாள் தேநீர் விருந்து. பாட்டிக்காக ஜனாதிபதி பியானோ வாசித்து காட்டினார். ஒரு காலத்தில் அடுத்தவர் வீட்டில் தேநீர் பரிமாறிய பெண்ணுக்கு இந்த மரியாதை!

அதற்கு பிறகு சிறப்புகள் வரிசை கட்டின. 1950-ல் பாட்டியை பற்றி வந்த ஆவணப்படம் ஆஸ்கார் போட்டி வரை போனது. அதே ஆண்டு அவர் ஓவியங்கள் ஐரோப்பாவுக்கும் போயின. 1952-ல் தன் வாழ்க்கை கதையை புத்தகமாக வெளியிட்டார். 1953-ல் டைம் பத்திரிகை அட்டையில் வந்தார். 1960-ல் 100-வது பிறந்தநாளை மோசஸ் பாட்டி தினமாக நியூயார்க் கவர்னர் ராக்பெல்லர் அறிவித்தார்.

இவ்வளவு புகழ் வந்தும் பாட்டி நகரத்துக்கு குடி போகவில்லை. அதே ஈகிள் பிரிட்ஜ் கிராமம், அதே பழைய மேஜை. 100 வயதிலும் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கவிதை புத்தகம் ஒன்றுக்கு படம் வரைந்து கொடுத்தார். அது அச்சாகி வந்தது 1962-ல். அதை பார்க்க அவர் இல்லை.

கடைசி படம் வானவில்

1961-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, ஹூசிக் பால்ஸ் ஊரில் மோசஸ் பாட்டி காலமானார். வயது 101. அப்போதைய ஜனாதிபதி கென்னடி இரங்கல் செய்தி வெளியிட்டார். எந்த ஊர் மருந்துக்கடை ஜன்னலில் அவர் படங்கள் தூசி படிந்து கிடந்ததோ, அதே ஊரில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் முடித்த கடைசி படத்தில் இருப்பது ஒரு வானவில்.

75 வயதுக்கு பிறகு அவர் வரைந்தவை 1,500-க்கும் அதிகம். 1969-ல் அவர் ஓவியம் அமெரிக்க தபால்தலையில் வந்தது. 1943-ல் அவர் வரைந்த மேப்பிள் சர்க்கரை காய்ச்சும் படம் ஒன்று 2006-ல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2025-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அமெரிக்க கலை அருங்காட்சியகம் அவருக்காக பெரிய கண்காட்சியை திறந்தது. அவர் படித்த ஒரே அறை பள்ளிக்கூடத்தை கூட அப்படியே பெயர்த்து கொண்டுபோய், பென்னிங்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

வயதானவர்களை பார்த்து, இனி என்ன வேலை, ஒரு மூலையில் உட்கார்ந்து ஓய்வு எடுங்கள் என்று சொல்லாத வீடு இல்லை. மோசஸ் பாட்டி வீட்டில் யாரும் அப்படி சொல்லவில்லை. ஊசி பிடிக்க முடியவில்லை என்றபோது, வேறு எதை பிடிக்கலாம் என்று தங்கை யோசித்து சொன்னார். பாட்டியும் கேட்டுக்கொண்டார். உலகத்துக்கு 1,500 படங்கள் கிடைத்தது அதனால்தான்.