வெள்ளத்தில் நிலைத்த உயிர்களைத் தேடியவர்

கொல்கத்தாவின் புதிய அலிப்பூரில் இந்திய விலங்கியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தலைமையகம் உள்ளது. 1916ஆம் ஆண்டு தோன்றிய இந்நிறுவனத்திற்குப் பெருமை சேர்த்தவர்களுள் ஒருவர் மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா.

இவர் 1896ஆம் ஆண்டு அன்றைய பஞ்சாபின் ஹஃபீசாபாத்தில் பிறந்தார். லாகூரில் பயின்றபோது, நிறுவன இயக்குநர் அன்னண்டேல் இவரது திறமையைக் கண்டு கொல்கத்தாவிற்கு அழைத்தார்.

காசி மலைகளின் காட்டாறுகளைக் கண்ட ஹோராவின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. பாறையையே உருட்டும் வெள்ளத்தில் சிற்றுயிர்கள் அடித்துச் செல்லப்படாமல் வாழ்வது எவ்வாறு? அவர் மீன்களோடு பூச்சிகளின் இளவுயிரிகளையும் ஆராய்ந்தார். சிலவற்றின் உடல் தட்டையானது. சிலவற்றிற்குப் பாறையைப் பற்றும் உறிஞ்சிகள் உண்டு. நீரோட்டத்திற்கேற்ப உடலமைப்பு மாறியிருப்பதை அவர் விளக்கினார்.

மே ஈ போன்ற பூச்சிகள் இளமைப் பருவத்தைக் கல்லடியில் கழித்து, பின்னர் நீர்மட்டத்திற்கு எழுந்து சிறகு பெறுகின்றன. அப்பொழுது மீன்கள் அவற்றை உண்ண விரைகின்றன. காஷ்மீரத்து ஓடைகளில் டிரௌட் மீன் பிடிப்போர் பூச்சி வடிவத் தூண்டில்களைப் பயன்படுத்துவதும் இதனாலேயே.

மலேயப் பகுதி மீன்களின் இனத்தவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படுவது ஏன்? அவை முற்காலத்தில் சாத்பூரா மலைத்தொடர் வழியே பரவின என்று ஹோரா கருதினார். பின்வந்தோர் இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் ஆய்வு செய்தனர்.

12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் தூண்டில் மீன்பிடிப்பை விரித்துரைக்கிறது. அப்பகுதியை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவரும் ஹோராவே.

போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டு, நிறுவனம் வாரணாசிக்கு மாற்றப்பட்டது. மறு ஆண்டு வருணை ஆற்று வெள்ளம் அரிய மாதிரிகள் பலவற்றை அழித்தது. பல்லாண்டு உழைப்பு சில நாள்களில் பாழாயிற்று. 1947இல் இயக்குநரான ஹோரா மனம் தளராது நிறுவனத்தைச் சீரமைத்தார். 1955ஆம் ஆண்டு, அப்பொறுப்பில் இருக்கும்போதே மறைந்தார்.

வெள்ளத்தில் பிடி தளராத உயிர்களை ஆராய்ந்தவர், வெள்ளம் அழித்த பின்னும் தம் பணியில் பிடி தளரவில்லை.

பயிற்சி
1. காட்டாற்று உயிர்கள் வெள்ளத்தைத் தாங்குவது எவ்வாறு?
2. பூச்சி வடிவத் தூண்டில் பயன்படுவதன் காரணம் யாது?
3. பிரித்து எழுதுக: காட்டாறு, நீரோட்டம்.